நாளைக்கும் உதவும் கணினி



நான் காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் வசிப்பவன். தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். விடியுமுன் தறியோசை கேட்கும் தெருவில் பிறந்து வளர்ந்த ஒருவன் கணினியைப் பற்றிப் பேச வந்திருக்கின்றானே என்று நீங்கள் வியக்கலாம். ஆனால் தறிக்கும் கணினிக்கும் பழைய உறவு உண்டு. பிரான்சு நாட்டு லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜக்கார் என்பவர் 1804-ஆம் ஆண்டில், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பாவு நூல்களைத் தூக்கி இறக்கும் பொறியை அமைத்தார். அந்த அட்டையையே தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்குக் கட்டளையிடும் கருவியாகக் கொள்ள எண்ணினார், ஆங்கிலேயரான பாபேஜ். 1890-ஆம் ஆண்டில் அமெரிக்க மக்கள் தொகைக் கணக்கைத் துளையட்டைகளே எண்ணித் தந்தன.

என் இளமையில் எங்கள் தெருவில் கண்ட காட்சி ஒன்று உண்டு. அண்டை வீட்டார் தம் பழைய தறியின் மேல் ஜக்கார்டு பெட்டியை ஏற்ற விரும்பினார். தறி உறுதியானது, பெட்டியும் நல்லது. ஆயினும் ஓட்டுக் கூரை தாழ்வாக இருந்தமையால் பெட்டிக்கு இடமில்லை. கூரையைப் பிரித்து உயர்த்திய செலவு, பெட்டியின் விலையோடு போட்டியிட்டது. வீடு கட்டிய அன்றே இரண்டு முழம் கூட்டிக் கட்டியிருந்தால் அச்செலவு நேர்ந்திராது. நான் இன்று சொல்ல வந்ததெல்லாம் இந்த இரண்டு முழத்தைப் பற்றியதே.

இந்தப் பாடத்தை நான் மறந்து போனேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஓய்வு பெற்ற ஆண்டில், கையடக்கமாக இருக்கிறதே என்று மயங்கி, ஆயத்தமாக விற்ற சிறிய கணினி ஒன்றை வாங்கினேன். ஐந்தாண்டு கழித்துப் பேரனின் பாடத்துக்கு அதன் திறன் போதவில்லை. ரேம் செருக ஒரே இடம், அதுவும் நிறைந்திருந்தது. மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். கடையில் கிடைக்காத வடிவினது. அதன் செருகியும் தனி வகை. ஒரு பகுதி குறைந்ததற்காக முழுப் பொறியையும் ஒதுக்க நேர்ந்தது.

2024-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் எங்கள் தெரு நெசவாளர் ஒருவர் தம் மகளுடன் என்னிடம் வந்தார். பெண் கல்லூரியில் படிக்கிறாள்; சேலைக் கரைக்கும் முந்திக்கும் உரிய கோலங்களைக் கணினியில் வரைந்து பழக விரும்புகிறாள். சீட்டுக் கட்டிச் சேர்த்த ஐம்பதாயிரம் ரூபாய் அவர் கையில் இருந்தது. "வாத்தியார் ஐயா, இது எத்தனை வருஷம் உழைக்கும்? மறுபடி இவ்வளவு பணம் என்னால் சேர்க்க முடியாது" என்றார். அக்கேள்விக்கு விடை தேடித்தான் மூவரும் சென்னைக்குச் சென்று, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் அரை நாள் நடந்தோம்.

முதற்கடையில் எழுதித் தந்த பட்டியலில், ஏறத்தாழ பாதிப் பணம் வண்ண விளக்கெரியும் கிராபிக்ஸ் கார்டுக்கே போயிற்று. எஸ்.எம்.பி.எஸ். பெயர் தெரியாத மலிவுச் சரக்கு. "ஐயா, பார்க்க அழகாயிருக்கிறதே" என்றாள் பெண். "அம்மா, முதலில் எதைப் பின்னால் எளிதில் மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்று இரு வரிசையாக எழுது" என்றேன்.

அவள் எழுதிய வரிசையை உங்களுக்கும் சொல்கிறேன். ரேம், எஸ்.எஸ்.டி., கிராபிக்ஸ் கார்டு ஆகியவை பின்னால் சேர்க்கக் கூடியவை. மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட் ஆகிய மூன்றும் தறியும் கூரையும் போன்றவை. இவற்றை மாற்றினால் ஏறக்குறைய எல்லாவற்றையும் பிரிக்க வேண்டிவரும். ஆதலின் முதற்கவனம் இவற்றுக்கே உரியது.

மதர்போர்டில் பிராசசர் அமரும் குழிக்குச் சாக்கெட் என்று பெயர். ஒரு சாக்கெட்டுக்கு உரியது மற்றொன்றில் அமராது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 சாக்கெட்டில் 2017-ஆம் ஆண்டுப் பலகை வாங்கியவர்களுள் பலர், பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டு, 2022-ல் வந்த பிராசசரையும் அதில் பொருத்தினர். இன்டெல் நிறுவனத்தின் எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட் 2021-ல் வந்து மூன்று தலைமுறைகளைத் தாங்கியது. 2024-ல் வேறு சாக்கெட் வந்துவிட்டது. 2022-ல் வெளிவந்த ஏ.எம்.5 சாக்கெட்டை 2027 வரையிலும் அதற்கப்பாலும் ஆதரிப்பதாக அதன் நிறுவனம் அறிவித்திருந்தது. அதையே தேர்ந்தோம்.

ரேமிலும் தலைமுறை உண்டு. டி.டி.ஆர்.4-க்கும் டி.டி.ஆர்.5-க்கும் வெட்டு வேறிடத்தில் இருப்பதால் ஒன்று மற்றொன்றின் துளையில் நுழையாது. பதினாறு ஜி.பி. வேண்டுமெனில் எட்டாக இரண்டு வாங்கலாம்; வேகம் கூடும். பதினாறில் ஒன்றே வாங்கினால் வேகம் சற்றுக் குறையும். ஆனால் பின்னாளில் அதன் இணையை வாங்கிச் சேர்க்கலாம். பெண் இரண்டாவதைத் தேர்ந்தாள். இன்றைய சிறு குறை, நாளைய இடம் என்று கணக்கிட்டாள்.

எஸ்.எம்.பி.எஸ். கணக்கை அங்கேயே போட்டோம். பிராசசருக்கு 90 வாட்டு, பின்னாளில் கிராபிக்ஸ் கார்டு சேர்த்தால் 200 வாட்டு, மற்றவற்றுக்கு 60 வாட்டு, ஆக 350. திடீரென ஏறும் தேவைக்கும் இடம் வைத்து 550 வாட்டு கொண்ட தரமானதை வாங்கினோம். 1995-ல் ஏற்பட்ட ஏ.டி.எக்ஸ். அளவுமுறையை ஒட்டியதாக அதையும் கேபினெட்டையும் கேட்டுப் பெற்றோம். எக்கடையிலும் மாற்றுக் கிடைக்கும் என்பதே காரணம். கிராபிக்ஸ் உள்ளேயே அமைந்த பிராசசர் ஆதலால் தனிக் கார்டு அன்று வேண்டியிருக்கவில்லை. அதற்குரிய இடம் வெறுமையாக விடப்பட்டது. எஸ்.எஸ்.டி.க்கும் இரண்டாம் துளை உள்ள பலகையாகவே பார்த்தோம். மானிட்டர் உட்படத் தொகை ஐம்பதாயிரத்துக்குள் அடங்கிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எதிர்காலம் என்ற பெயரால் தேவைக்கு மீறி இன்றே வாங்கிக் குவிப்பதும் பிழையே. பிராசசரை நடுவில் மாற்றுவோர் சிலரே. ரேமும் சேமிப்பிடமும் கூட்டுவோர் பலர். எவ்வளவு எண்ணினாலும் எல்லாவற்றையும் முன்கூட்டி அறிய இயலாது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். நன்றாக உழைத்த பழைய கணினிகள் பல, இந்த ஒரு குறையால் பின்தங்கின. நெசவாளரின் கேள்விக்கு ஆகவே நான் ஆண்டுக் கணக்குச் சொல்லவில்லை. "பழுதான ஒன்றை மட்டும் மாற்றினால் போதும், முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை" என்று மட்டும் சொன்னேன். அவர் சற்று நேரம் எண்ணிவிட்டு, "தறியும் அப்படித்தானே ஐயா" என்றார்.

ஓராண்டு சென்றபின் அப்பெண் வீட்டுக்கு வந்து, "இன்னொரு ரேம் வாங்கிவிட்டேன், ஐயா, நானே பொருத்தப் போகிறேன், வாருங்கள்" என்று அழைத்தாள். மின்செருகியைப் பிடுங்கி, கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்னைப் போக்கி, பக்கத் தகட்டைக் கழற்றினாள். வெட்டுப் பார்த்துச் செருகினாள். இருபுறமும் 'கிளிக்' என்றது. திரையில் 32 என்ற எண் தோன்றியது. தறியை நிறுத்திவிட்டு அவள் தந்தையும் வந்து நின்று பார்த்தார்.

மாணவர்களே, நீங்கள் கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் அந்த இரண்டு வரிசைகளை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பணத்துக்குப் பின்னே ஒருவருடைய உழைப்பு இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.