எதிர்கொண்டு வந்தவர்கள்



சில நாள்கள் நகரவே நகராது. ஒரு சான்றிதழுக்காக விழுப்புரத்தில் அலைகிறோம். "அதிகாரி வெளியே போயிருக்கிறார், மதியம் வாங்க" என்கிறார்கள். மதியம் போனால், "இன்னும் ஒரு ஜெராக்ஸ் வேணும்" என்கிறார்கள். வெயிலில் வாடி, வந்த வேலையும் முடியாமல் திண்டிவனம் பேருந்தில் ஏறி உட்காருகிறோம். பக்கத்திலிருந்து ஒரு குரல்: "டேய், நீயா!" பள்ளியில் நம்மோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். பேசப் பேச, விக்கிரவாண்டி கடந்ததும் தெரிவதில்லை, கூட்டேரிப்பட்டு வந்ததும் தெரிவதில்லை. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நிமிடமாய்ப் போய்விடுகிறது.

இப்படி ஒரு நாள் நம்மில் பலருக்கும் வாய்த்திருக்கும். சான்றிதழ் இன்னும் கிடைத்தபாடில்லை. ஆனாலும் மனம் லேசாகிவிடுகிறது. ஏன்? காலை முதல் நாம் வரிசையில் நிற்கும் ஒரு ஆளாக மட்டுமே இருந்தோம். நண்பர் நம்மைப் பார்த்தார், நம் பெயரைச் சொன்னார், "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

திருத்தூதர் பவுலுக்கும் இப்படி ஒரு நாள் வந்தது. திருத்தூதர் பணிகள் 28ஆம் அதிகாரத்தில் அதை வாசிக்கிறோம். அவர் கைதியாக உரோமைக்குக் கொண்டு செல்லப்படுகிறார். கடலில் கப்பல் உடைந்து, மால்தா தீவில் மூன்று மாதம் தங்கி, களைத்துப்போய் வருகிறார். அப்போது உரோமையில் இருந்த சகோதரர்கள் செய்தி கேள்விப்பட்டு, அவரை எதிர்கொள்ளப் புறப்படுகிறார்கள். சிலர் அப்பியு சந்தை வரை வந்தார்கள். அது உரோமையிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர்; விழுப்புரம் திண்டிவனம் தூரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். அவர்களுள் பலர் பவுலை அவருடைய கடிதத்தின் வழியாகவே அறிந்தவர்கள். அவர்களைக் கண்டதும் பவுல் கடவுளுக்கு நன்றி சொல்லித் துணிவு பெற்றார் என்கிறார் லூக்கா.

பவுலின் சங்கிலியை அவர்கள் அவிழ்க்கவில்லை. உரோமையில் இரண்டு ஆண்டுகள் அவர் காவலில்தான் இருந்தார். ஆனாலும் அந்தச் சந்திப்பு அவருக்குப் போதுமானதாயிற்று. இதற்கு முன்பு மாசிதோனியாவில் மனம் சோர்ந்திருந்தபோதும், தீத்துவின் வருகையால் கடவுளே தமக்கு ஆறுதல் தந்தார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். கடவுளின் ஆறுதல் பல நேரங்களில் ஒரு நண்பரின் முகத்தோடுதான் வருகிறது.

இங்கே ஒன்றைக் கவனிப்போம். பவுலுக்கு அது திடீர் மகிழ்ச்சி. வந்தவர்களுக்கோ அது திடீரென நடந்ததல்ல. அவர்கள் வேலையை விட்டுவிட்டு, முடிவெடுத்துக் கிளம்பி வந்தவர்கள். நமக்கு வரும் எதிர்பாராத ஆறுதலுக்குப் பின்னால் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய நடை இருக்கிறது.

அப்படியானால், நாம் யாரை நோக்கி நடக்கப் போகிறோம்? முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத் தாண்டித்தான் நம் பேருந்துகள் போகின்றன. உள்ளே படுத்திருப்பவருக்குத் துணையாக வந்து, இரவெல்லாம் கண்விழித்து உட்கார்ந்திருப்பவர்களுள் நமக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கலாம். பிள்ளைகள் சென்னையில் இருக்க, நம் தெருவிலேயே தனியாக வாழும் பாட்டி இருக்கலாம்.

இன்னொருவரும் உண்டு. கடனாலோ, வரப்புத் தகராறாலோ பேச்சு நின்றுபோன பழைய நண்பர். அவர் விழுப்புரம் ஜங்ஷனில் எதிரே வந்தால், கைப்பேசியைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொள்ளத்தான் தோன்றும். அன்று தலைநிமிர்ந்து, "நல்லா இருக்கியாப்பா?" என்று கேட்டால், அவருக்கும் அந்த நாள் மாறும். வழக்கு அன்றே தீராது, பேச்சு தொடங்கிவிடும்.

இந்த வாரம் அப்படி ஒருவரைத் தேடிப் போவோம். அதற்கான மனத்தையும் கால்களுக்கு வலுவையும் ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.