கண்ணுக்குள் தெரிந்த மலேரியா



காய்ச்சல் முற்றி, வலிப்பு வந்து, நினைவு தப்பிக் கிடக்கிறது ஒரு குழந்தை. ரத்தத்தைச் சோதித்தால் மலேரியாக் கிருமி இருக்கிறது. மூளை மலேரியா என்றுதானே எந்த மருத்துவரும் முடிவு கட்டுவார்? அப்படி முடிவு கட்டுவது சில நேரம் தப்பாகிவிடும் என்று காட்டியவர்கள் மலாவி நாட்டில் வேலை செய்த ஆய்வாளர்கள்.

ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில் உள்ள நாடு மலாவி. அங்கே பிளான்டயர் நகரின் குயீன் எலிசபெத் மருத்துவமனையில், மழைக்காலம் வந்துவிட்டால் குழந்தைகள் வார்டில் கூட்டம் தாங்காது. அமெரிக்காவிலிருந்து வந்த டெர்ரி டெய்லர், பிரிட்டனிலிருந்து வந்த மால்கம் மோலினோ என்ற இரண்டு மருத்துவர்கள் 1980களிலேயே அங்கே இந்த நோயை ஆராயத் தொடங்கினார்கள். பேசத் தெரியாத குழந்தைக்கு நினைவு எவ்வளவு தப்பியிருக்கிறது என்று எப்படி அளப்பது? பெரியவர்களிடம் பேரைக் கேட்கலாம், ஊரைக் கேட்கலாம். குழந்தையிடம் அழுகையைத்தான் கேட்க முடியும். அழுகிறதா, கண் அம்மாவைத் தேடுகிறதா, வலித்தால் கையை இழுத்துக்கொள்கிறதா என்று பார்த்து, பூஜ்யம் முதல் 5 வரை மதிப்பெண் போடும் முறையை அவர்கள் குழு வகுத்தது. பிளான்டயர் அளவுகோல் என்ற பெயரில் அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

ஆனால் ஒரு சிக்கல் தீரவில்லை. மலேரியா மலிந்த ஊர்களில், ஓடியாடி விளையாடும் பிள்ளையின் ரத்தத்திலும் கிருமி இருக்கும். அப்படியென்றால் நினைவு தப்பியதற்குக் காரணம் அந்தக் கிருமிதானா? இறந்துபோன 31 குழந்தைகளின் உடல்களைப் பெற்றோர் அனுமதியோடு பரிசோதித்தார்கள். எல்லாருக்கும் மூளை மலேரியா என்று சொல்லித்தான் சிகிச்சை நடந்திருந்தது. அவர்களில் 7 பேர் இறந்தது வேறு காரணத்தால் என்று தெரிந்தது. இது 2004-இல் வெளிவந்தது. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த அந்த நேரத்தில், உடலைத் திறந்து பார்க்கச் சம்மதிப்பது லேசான காரியமா? என்னைக் கேட்டால் இந்த ஆய்வில் பாதிப் பங்கு அந்தத் தாய் தகப்பன்மாருடையது.

சரி, குழந்தை உயிரோடு இருக்கும்போதே மூளை மலேரியாவையும் வேறு நோயையும் பிரித்தறிய வழி உண்டா? உண்டு, கண்ணில். மூளை மலேரியாவில் கிருமி புகுந்த சிவப்பணுக்கள், குழாயில் பாசி பிடிப்பதுபோல நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. விழித்திரையிலும் இதே கதைதான். மருந்து விட்டுக் கண்மணியை விரியவைத்து, கருவியால் உள்ளே பார்த்தால் வெளுத்த திட்டுகளும், நிறம் மாறிய குழாய்களும், ரத்தக்கசிவும் தெரியும். அவை தெரியாவிட்டால் வேறு நோயையும் தேட வேண்டும்.

அடுத்த கேள்வி, குழந்தை எதனால் சாகிறது என்பது. பிளான்டயர் மருத்துவமனைக்கு நன்கொடையாக ஒரு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவி வந்தபிறகுதான் அதற்கு விடை கிடைத்தது. 2015-இல் வந்த முடிவு இது: ஸ்கேன் எடுத்த 168 குழந்தைகளில் 25 பேர் இறந்தார்கள். அந்த 25 பேரில் 21 பேருக்கு மூளை மிகவும் வீங்கியிருந்தது. பிழைத்த 143 பேரில் அப்படி வீங்கியவர்கள் 39 பேர் மட்டுமே. வீங்கிய மூளை கீழே அழுத்துகிறது. மூச்சை நடத்தும் மூளைத்தண்டு நசுங்கி, சுவாசம் நின்றுவிடுகிறது.

பிழைத்த குழந்தைகளுக்கோ அந்த வீக்கம் சீக்கிரமே வடிந்தது. அப்படியானால் அந்தச் சில நாட்களுக்கு மட்டும் கருவி வைத்து மூச்சு விடவைத்தால் மற்றப் பிள்ளைகளும் தப்புவார்களா? அதே மருத்துவமனையில் அடுத்த ஆய்வு இந்தக் கேள்வியோடுதான் தொடங்கியது.