காத்திருக்கும் காலத்தில் எதைப் படிப்பது?
(பிரித்தானியாவில் தஞ்சம் கோரியுள்ள, இணையத்தளத் தொழில் தெரிந்தவர்களுக்கு ஆற்றிய உரை)



உங்களில் சிலர் ஊரில் இணையத்தளம் செய்து உழைத்தவர்கள். வழக்கு முடியும்வரை சும்மா இருந்தால், படிச்சதெல்லாம் பழசாய்ப் போயிடுமோ எண்டு பயப்படுறீங்கள். நியாயமான பயம்தான். ஒரு காலத்தில் பிளாஷ் தெரிந்தவருக்கு நல்ல மதிப்பு. 2020 டிசெம்பர் 31உடன் அடோபி நிறுவனம் அதைக் கைவிட்டது. ஆனால் 1990களில் வந்த எச்.ரி.எம்.எல், சி.எஸ்.எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் இன்றும் நிலைத்து நிற்கின்றன. 2013 இல் வந்த ரியாக்டும் இவற்றின் மேல்தான் நிற்கிறது. ஆகவே முதலில் அத்திவாரத்தைப் பலப்படுத்துங்கோ.

இரண்டாவது, கூட்டாளி சொன்னதுக்காக ஒன்றைத் தொடங்காதீங்கோ. உங்கள் பகுதி வேலை விளம்பரங்கள் இருபதை எடுத்து, அதில் கேட்கும் திறமைகளைத் தாளில் எழுதி எண்ணுங்கோ. அதிகமாக வருவதில் ஒன்றை மட்டும் தெரிவுசெய்து, மூன்று மாதம் அதையே படியுங்கோ.

மூன்றாவது, மாற்றுத்திறனாளிகளும் பாவிக்கக்கூடியதாகத் தளம் அமைக்கப் பழகுங்கோ. இங்கு அரச, உள்ளூராட்சித் தளங்களுக்கு 2018 முதல் இது சட்டக் கடமை. படத்துக்கு எழுத்தில் விளக்கம் இருக்க வேண்டும்; மவுஸ் இல்லாமல் விசைப்பலகையால் மட்டும் தளத்தைப் பாவிக்க முடிய வேண்டும்.

"செயற்கை நுண்ணறிவே எல்லாம் எழுதுதே, நான் ஏன் படிக்க வேணும்?" எண்டு கேட்பீர்கள். அது எழுதியதில் உள்ள பிழையையும் பாதுகாப்பு ஓட்டையையும் கண்டுபிடிக்க, தெரிந்த ஆள் வேணும்தானே.

மொசில்லாவின் எம்.டி.என், ஃப்ரீகோட்காம்ப் இரண்டிலும் இலவசமாகப் படிக்கலாம். கணினி இல்லாதவர்கள் பொது நூலகத்தில் கேளுங்கோ. செய்து பழகியதைக் கிற்ஹப்பில் போட்டு வையுங்கோ. ஊர்ச் சான்றிதழ் கையில் இல்லாதவருக்கு அதுவே சாட்சி.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. வேலை அனுமதி இல்லாமல் காசுக்குத் தளம் செய்யாதீங்கோ. தெரிந்த கடைக்காரருக்குச் சும்மா செய்து கொடுப்பதுகூட வேலையாகக் கருதப்படலாம். அது உங்கள் வழக்கைப் பாதிக்கலாம். தொண்டு நிறுவனத்துக்குத் தொண்டராக உதவலாம், ஆனால் முதலில் உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கோ. படிப்புக்குத் தடை உண்டா என்பதைக் குடிவரவுப் பிணைக் கடிதத்தில் பாருங்கோ. முதல் தீர்மானத்துக்கு 12 மாதத்துக்கு மேல் காத்திருந்தால், தாமதம் உங்களால் அல்லாதபோது, வேலை அனுமதி கேட்கலாம். கிடைத்தாலும் எல்லா வேலையும் செய்ய முடியாது, விதிகளும் மாறும். அதையும் சட்டத்தரணியிடம் விசாரியுங்கோ.

தீர்மானம் எப்ப வரும் எண்டது எங்கட கையில் இல்லை. வரும் நாளில் ஆயத்தமாக இருப்பது எங்கட கையில்தான்.