கலங்கல் இல்லாத ஏரி



சாலவாக்கம் வட்டாரம் ஏரிப் பாசனத்தை அறிந்தது. மிகைநீர் வழியக் கலங்கல் இல்லையேல் கரை என்னாகும் என்பதை இங்கு எவர்க்கும் விளக்க வேண்டுவதில்லை. இரும்பைப் பொறுத்தமட்டில் மனித உடல் கலங்கல் இல்லாத ஏரி. உடலில் உள்ளது 3 முதல் 4 கிராம் இரும்பே. மிகுந்ததை வெளியேற்றத் தனி வழி கிடையாது. அடிக்கடி குருதி ஏற்றப்படும் தலசீமியா நோயாளர்க்கு அது இதயத்திலும் கல்லீரலிலும் தேங்கித் தீங்கு செய்வது இதனால்தான். ஆகவே காவல் முழுவதும் வரத்துக்காலில் அமைந்துள்ளது.

ஒவ்வோர் உயிரணுவும் தன் அளவைத் தானே பார்த்துக்கொள்கிறது. குருதியில் டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதம் இரும்பைச் சுமந்து வர, உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பி அதனை உள்வாங்குகிறது. உடனே தேவைப்படாதது ஃபெரிட்டின் என்னும் கூட்டினுள் சேர்கிறது. ஒரு கூடு ஏறத்தாழ 4,500 இரும்பு அணுக்கள் வரை கொள்ளும். ஏற்பியையும் கூட்டையும் ஆக்குவதற்கான ஆணைகள் ஆர்.என்.ஏ. வடிவில் முன்னரே எழுதப்பட்டு நிற்கின்றன. இரும்பு குறையும்போது ஒரு கண்காணிப்புப் புரதம் அவ்விரு ஆணைகளையும் பற்றிக்கொள்கிறது. ஏற்பியின் ஆணை அதனால் அழியாது காக்கப்படுகிறது. கூட்டின் ஆணையோ தொடக்கத்திலேயே மறிக்கப்படுகிறது. இரும்பு பெருகியதும் பிடி தளர்கிறது: கூடுகள் மிகும், ஏற்பிகள் குறையும். ஒரே கை ஒன்றைத் தாங்கவும் மற்றொன்றைத் தடுக்கவும் செய்வது எண்ண எண்ண வியப்பளிப்பது.

உடல் முழுமைக்குமான மடையைக் கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் மூடுகிறது. நோய்த்தொற்றும் அழற்சியும் உள்ளபோது அது மிகும். அவ்வேளையில் உண்ட இரும்பு சரிவர உட்சேராது.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 53.4 விழுக்காட்டினர்க்குக் குருதிச்சோகை உண்டென 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. இதற்கு இரும்புக்குறை ஒன்றே காரணமன்று எனினும் அது முதன்மையான ஒன்று. மாதவிடாயும் மகப்பேறும் இருப்பைக் கரைக்கின்றன. வெறுங்காலோடு மண்ணில் நடப்போர் உடலில் புகும் கொக்கிப்புழு குடலில் குருதியை உறிஞ்சுகிறது. புலால் நீக்கியோர் உணவிலுள்ள இரும்பைக் குடல் எளிதில் ஏற்பதில்லை. கீரையோடும் பயற்றோடும் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் ஏற்பு மிகும். உணவோடு காபியும் தேநீரும் சேர்ந்தால் குறையும்.

அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் காபியுடன் விழுங்குவோர் பலர். எலுமிச்சை நீருடன் உண்பதே தக்கது. மலம் கருப்பதைக் கண்டு அஞ்சி இடையில் நிறுத்துவோரும் உளர். உட்சேராது கழியும் இரும்பின் நிறமே அது.