"எங்கே தேடினே?"

நடுவர் அவர்களே! "ஆராய்ச்சி மாணவனுக்குக் கைகொடுப்பது கம்ப்யூட்டரே" என்று எதிரணி அம்மையார் அழகாகப் பேசிவிட்டுப் போனார்கள். ஒரு சொல்லைத் தட்டினால் ஆயிரம் கட்டுரை வந்து கொட்டுமாம். கொட்டட்டும் ஐயா! வராமல் போனதை யார் சொல்வது?

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த புதிதில், ஒரு தலைப்போடு என் நெறியாளரிடம் போனேன். "ஐயா, இதை இதுவரை ஒருத்தரும் தொடலை" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எங்கே தேடினே?" "நம்ம துறை அலமாரியிலே ஐயா." "அப்போ, நம்ம அலமாரியிலே இல்லைன்னு சொல்லு!" (சிரிப்பு)

நூலகத்துக்கு விரட்டினார். கேட்டலாக் அட்டைகளைத் தள்ளித் தள்ளி விரல் நுனி கறுத்ததுதான் மிச்சம். நான்காம் நாள் நூலகர் ஒரு பழைய ஆய்வேட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். என் தலைப்பு! நான் எழுத நினைத்த அத்தனை இயலும் அதிலே இருக்கு! (சிரிப்பு, கைதட்டல்) எனக்குப் போனது நாலு நாள். தேடாமல் உட்கார்ந்து எழுதியிருந்தால் நாலு வருஷம்.

"தமிழ் வாத்தியாருக்கு வருஷம்தானே போகும்" என்பீர்கள். உயிரே போயிருக்கு ஐயா. 2001-இல் அமெரிக்காவில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா பற்றி ஓர் ஆராய்ச்சி. நோய்நொடி இல்லாத 24 வயதுப் பெண், தானாக முன்வந்து, ஹெக்சாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சில் இழுத்தார். நுரையீரல் கெட்டு ஒரு மாதத்துக்குள் இறந்துபோனார்.

ஆய்வாளர் தேடாதவரா? தேடினார். பாடநூல்களைப் பார்த்தார், 'பப்மெட்' என்ற மருத்துவப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் பார்த்தார். அன்றைக்கு அந்தப் பட்டியல் 1966-க்கு முன்னால் போகாது. அந்த மருந்துக்கும் நுரையீரல் கேட்டுக்கும் தொடர்பு சொன்ன கட்டுரைகளோ 1950-களில் வந்தவை. அச்சாகி, பைண்டு பண்ணி, நூலக அலமாரியிலே இருந்தன ஐயா! எடுத்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

பிறகு அந்தப் பட்டியலை 1940-கள் வரை நீட்டினார்கள். நல்லது. நானும் கம்ப்யூட்டரை வேண்டாம் என்று சொல்லவில்லை, என் பேரன் அடிக்க வருவான். (சிரிப்பு) ஆனால், "சார், இந்தப் பட்டியல் எந்த வருஷத்திலிருந்து ஆரம்பம்? அதுக்கு முன்னாடி எங்கே பார்க்கணும்?" என்று கேட்டால், எழுந்து வந்து கூடவே தேடுகிற மனுஷன் நூலகத்தில்தானே இருக்கிறார்? அவரை விட்டுவிட்டு...

மணி அடிச்சுட்டீங்க. உட்கார்ந்துக்கறேன். வணக்கம். (கைதட்டல்)