பழைய கணினிக்கு எந்தக் காவல்காரர்?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு வரிதான். "சார், வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இலவசமாக எந்த ஆன்டிவைரஸ் போடலாம்? ஒரு பெயர் சொல்லுங்கள், நோட்டீஸ் போர்டில் எழுதிவிடுகிறேன்" என்றார். பெயரைச் சொல்லிவிடலாம். ஆனால் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு நான் பட்ட பாட்டையும் சேர்த்துச் சொன்னால்தான் உங்களுக்குப் பிரயோஜனம். அதனால் பத்து நிமிடம் கேட்டேன். அவர் பதினைந்து கொடுத்திருக்கிறார்.

என் வீட்டில் இருப்பது 2014-ல் வாங்கிய மேசைக் கணினி. நான்கு ஜி.பி. ரேம், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். வாங்கும்போது விண்டோஸ் 7. பிறகு 2016-க்குள் இலவசமாக விண்டோஸ் 10-க்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள், மாற்றினேன். ஓய்வு பெற்ற பிறகு அதில்தான் பென்ஷன் கணக்கு பார்ப்பது, வருமான வரி ரிட்டர்ன் போடுவது, பேரப்பிள்ளைகளின் படங்களைச் சேர்த்து வைப்பது எல்லாம்.

யாரோ ஒரு இலவச ஆன்டிவைரஸ் நல்லது என்றார்கள், போட்டேன். இன்னொருவர் வேறொன்று அதைவிட நல்லது என்றார், அதையும் போட்டேன். பூட்டு ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். வங்கியில் இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில் இருக்கும். ஒருவர் மட்டும் திறக்க முடியாது. அந்தப் பழக்கம். ஆனால் இது இரண்டு சாவி இல்லை, ஒரே வாசலில் நிற்கும் இரண்டு வாட்ச்மேன். உள்ளே வரும் ஒவ்வொரு கோப்பையும் இருவரும் பிடித்து இழுப்பார்கள். ஒருவர் சோதிப்பதை மற்றவர் திருட்டு என்று சந்தேகிப்பார். காலையில் பட்டனை அழுத்திவிட்டு, பால் வாங்கி வந்து, காபி குடித்து முடித்தாலும் திரை முழுதாக வராது.

அந்த மந்தத்தைச் சரிசெய்ய ஏதோ ஒரு "கிளீனர்" தேடிப் போனபோதுதான் விஷயம் முற்றியது. திரை முழுவதும் சிவப்பு. கீச்சென்று ஒரு சத்தம். "உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது, அணைக்காதீர்கள், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று ஒரு அறிவிப்பு. நான் அழைத்தேன். ஆமாம், முப்பது வருடத்துக்கும் மேல் கவுண்டரில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் எல்லாம் "யாருக்கும் விவரம் சொல்லாதீர்கள்" என்று சொன்னவன்தான் அழைத்தேன். மறுமுனையில் மரியாதையான குரல். தொலைவிலிருந்து கணினியைப் பார்க்கும் மென்பொருள் ஒன்றை இறக்கச் சொன்னார். இறக்கினேன். மவுஸ் அம்பு தானாக நகர்ந்தது. "கட்டணம் வெறும் ஐந்து ரூபாய்தான் சார், நெட் பேங்கிங் திறங்கள்" என்றபோதுதான் உறைத்தது. சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினேன். பிக்சட் டெபாசிட், சேமிப்புக் கணக்கு இரண்டும் ஒரே லாகின்னில் இருந்தன. பணம் போகவில்லை. ஆனால் அன்று இரவு நான் தூங்கவும் இல்லை.

இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இந்தக் கட்டடத்தில் இன்னும் இரண்டு மூன்று பேருக்கு இப்படி நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதால் சொல்கிறேன். மைக்ரோசாஃப்ட் காட்டும் எந்தப் பிழைச் செய்தியிலும் தொலைபேசி எண் இருக்காது. எண் இருந்தால் அது மோசடி. யோசிக்க வேண்டியதே இல்லை. பணம் போய்விட்டது என்றால் முதலில் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், அடுத்து வங்கிக்கு. பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தப் பார்ப்பார்கள். "மகன் சாயங்காலம் வரட்டும்" என்று உட்காராதீர்கள்.

சரி, பெயருக்கு வருகிறேன். விண்டோஸ் 10-ஓ 11-ஓ உங்களிடம் இருந்தால், நீங்கள் எதையும் இறக்க வேண்டாம். டிஃபெண்டர் என்ற காவல்காரர் ஏற்கனவே உள்ளே இருக்கிறார். விண்டோஸ் 8 காலத்திலிருந்து கணினியோடு சேர்ந்தே வருகிறார்; தனிச் சம்பளம் கிடையாது. திரையின் வலது கீழ் மூலையில் கேடயம் போல ஒரு சின்னம் இருக்கும். அதைத் திறந்து பச்சை டிக் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு ஆன்டிவைரஸ் போட்டால் டிஃபெண்டர் மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார். கணினி வாங்கும்போது கடையில் போட்டுக் கொடுத்த ட்ரையல், காலாவதியாகி "புதுப்பியுங்கள், புதுப்பியுங்கள்" என்று தினமும் கத்திக்கொண்டிருக்கிறதா? அதை முழுவதுமாக நீக்கிவிட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள், டிஃபெண்டர் திரும்பி வந்துவிடுவார்.

"மற்றவை எல்லாம் மோசமா?" என்று கேட்பீர்கள். இல்லை. ஜெர்மனியில் ஏ.வி.-டெஸ்ட், ஆஸ்திரியாவில் ஏ.வி.-கம்பேரடிவ்ஸ் என்று இரண்டு சோதனைக்கூடங்கள் இருக்கின்றன. எது எவ்வளவு பிடிக்கிறது, கணினியை எவ்வளவு மந்தப்படுத்துகிறது என்று சோதித்து வெளியிடுகிறார்கள். பிட்டிஃபெண்டர் போன்றவற்றின் இலவசப் பதிப்புகளும் நல்ல வேலை செய்கின்றன. ஆனால் இலவசம் என்றால் அவர்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது என் பழக்கம். பி.காம். படித்தவனுக்கு லெட்ஜரின் ஒரு பக்கம் காலியாக இருந்தால் உறுத்தும்.

அவாஸ்ட் பெயர் பலருக்குத் தெரியும். அதன் துணை நிறுவனம் ஜம்ப்ஷாட். பயனாளர்கள் எந்தெந்த இணையப் பக்கத்துக்குப் போனார்கள் என்ற தகவல், அந்த ஜம்ப்ஷாட் வழியாக விற்கப்பட்டது. 2020 தொடக்கத்தில் செய்தி வெளியானதும் அதை மூடினார்கள். 2024-ல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. உலாவல் தகவலை விளம்பரத்துக்கு விற்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. நம்மை வேவு பார்ப்பவர்களிடமிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி நிறுவச் செய்த மென்பொருள் அது! வேடிக்கை இன்னொன்று: அவாஸ்ட், ஏ.வி.ஜி., அவிரா, நார்ட்டன் நான்கும் இன்று ஒரே நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. நாலு கடை ஏறி இறங்கினேன் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், முதலாளி ஒருவர்தான்.

நம் ஊர்த் தயாரிப்பும் உண்டு. கே7 கம்ப்யூட்டிங் 1991-ல் சென்னையில் தொடங்கியது. குயிக் ஹீல் புனேக்காரர்கள். முழுப் பாதுகாப்புக்கு இவர்கள் பணம் வாங்குகிறார்கள், அது நேர்மையான வியாபாரம். இலவசமாக வேண்டும் என்றால் அரசு வழியில் ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017 பிப்ரவரியில் சைபர் ஸ்வச்தா கேந்திரா என்று தொடங்கியது. அதன் தளத்தில் இந்த நிறுவனங்கள் தந்திருக்கும் சுத்தம் செய்யும் கருவிகள் இலவசம். எங்கிருந்தோ வந்த பென் டிரைவைச் செருகும்போது தடுத்துக் கேட்க, சி-டாக் செய்த 'யு.எஸ்.பி. பிரதிரோத்' என்ற மென்பொருளும் அங்கே இருக்கிறது. ஜெராக்ஸ் கடைக்குப் பென் டிரைவோடு போய் வருகிறவர்கள் கவனிக்கவும். பட்டா நகலோடு வேறு என்னென்ன ஏறி வருகிறது என்று நமக்குத் தெரியாது.

சந்தேகம் வந்தால் மட்டும் ஒருமுறை சோதிக்க மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு நன்றாக இருக்கும். ஆனால் ஆரம்ப ட்ரையல் முடிந்த பிறகு அது நீங்கள் கூப்பிட்டால்தான் வரும், வாசலில் நிற்காது. அதனால் டிஃபெண்டரோடு சண்டையும் போடாது.

இனி முக்கியமான சங்கதி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. டிஃபெண்டருக்கான வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. "அப்படியானால் கவலை இல்லையே" என்று என் மைத்துனர் சொன்னார். கவலை உண்டு. வைரஸ் பட்டியல் என்பது வாட்ச்மேன் கையில் இருக்கும் திருடர்களின் போட்டோ. விண்டோஸ் அப்டேட் என்பது சுவரில் விழுந்த ஓட்டையை அடைப்பது. போட்டோ எத்தனை இருந்தாலும் பின்பக்கச் சுவர் இடிந்து கிடந்தால் என்ன செய்ய?

2017 மே மாதம் வான்னாக்ரை வந்தது நினைவிருக்கும். 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. பக்கத்தில் கேரளத்தில், வயநாட்டுப் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளில்கூட அந்தச் சிவப்புப் பெட்டி தெரிந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. மாட்டியவர்களில் பெரும்பாலோர் அதைப் போடாத விண்டோஸ் 7-காரர்கள்.

ஆகவே விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸ் போய் அப்டேட் பக்கத்தைத் திறங்கள். கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்யும் இணைப்பு இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை அதில் சேமிக்கச் சம்மதித்தால் பணம் இல்லாமலே 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். இணைப்பு தெரியவில்லை என்றால் உங்களிடம் இருப்பது 22எச்2-க்கு முந்தைய பதிப்பாக இருக்கலாம், முதலில் அதை ஏற்றுங்கள். விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், டி.பி.எம். 2.0 என்ற சில்லும் ஓரளவு புதிய பிராசசரும் கேட்கிறது. என் கணினி அந்தத் தேர்வில் முதல் கேள்வியிலேயே ஃபெயில்.

விண்டோஸ் 7 இன்னும் வைத்திருப்பவர்களுக்கு வேறு பேச்சு. நம் வீடுகளில் பலவற்றில் அரசு கொடுத்த மடிக்கணினி இருக்கிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். வாங்கிய பிள்ளை படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகியிருக்கும். மடிக்கணினி அலமாரியில் இருக்கும், தாத்தா அதில் இ.பி. பில் கட்டுவார். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலேயே ஆதரவு நின்றுவிட்டது. குரோம் உலாவியும் 2023-ல் 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. இதற்கு எந்த ஆன்டிவைரஸ் என்று என்னிடம் கேட்காதீர்கள். அதில் பணம் சம்பந்தப்பட்ட எதையும் செய்யாதீர்கள் என்பதுதான் என் பதில்.

தூக்கிப் போடவும் வேண்டாம். லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் இலவசம். அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான வகை இரண்டு ஜி.பி. ரேமிலும் ஓடும். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, பிடித்தால் மட்டும் நிறுவலாம். லினக்ஸ் ஒன்றும் நமக்கு அந்நியம் இல்லை. அந்த அரசு மடிக்கணினிகளில் ஆரம்பத்தில் விண்டோசோடு 'பாஸ்' என்ற நம் நாட்டு லினக்சும் சேர்த்தே வந்தது. நாம்தான் அதைத் திறந்து பார்க்கவில்லை. ஒரு எச்சரிக்கை: டேலி வைத்துக் கணக்கு எழுதுகிறவர்கள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டு மாற வேண்டாம். சில பழைய பிரிண்டர்களும் முரண்டு பிடிக்கும்.

இன்னும் இரண்டு காரியம். எந்த ஆன்டிவைரஸையும்விட இவை பெரியவை என்று நான் நினைக்கிறேன்.

வங்கியில் கிளார்க் பதிவு போடுவார், ஆபீசர் பாஸ் செய்வார். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் என் கையால் பதிவு போட்டு என் கையாலேயே பாஸ் செய்ய முடியாது. வீட்டுக் கணினியில் நாம் எல்லோரும் மேனேஜராகவே உட்கார்ந்திருக்கிறோம். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில்தான் தினமும் படம் பார்ப்பது, மெயில் திறப்பது எல்லாம். அதனால் உள்ளே நுழைகிற திருட்டு மென்பொருளுக்கும் மேனேஜர் அதிகாரம் கிடைத்துவிடுகிறது. செட்டிங்ஸில் 'ஸ்டாண்டர்ட் யூசர்' என்று இன்னொரு கணக்கு உருவாக்கி, தினசரி வேலைக்கு அதையே வையுங்கள். ஏதாவது நிறுவ முயன்றால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். அந்த இடத்தில் நாலு விநாடி நிற்போம் பாருங்கள், அதுதான் பாஸிங் ஆபீசர். எனக்கு அந்த ஏற்பாடு அன்று இருந்திருந்தால், அந்த மரியாதையான குரல் இறக்கச் சொன்னபோதே கொஞ்சம் யோசித்திருப்பேன். செலவு ஒரு பைசா இல்லை, கணினியும் மந்தமாகாது.

அடுத்தது நகல். கிளைகளில் லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்த புதிதில், சாயங்காலம் கணக்கு முடித்ததும் ஃப்ளாப்பியில் நகல் எடுக்காமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. பஸ் போய்விடும் என்று முணுமுணுத்துக்கொண்டே எடுப்போம். இப்போது வீட்டில் பதினைந்து வருடப் படங்களை ஒரே டிஸ்க்கில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, மாதம் ஒருமுறை நகல் எடுத்து, கழற்றிப் பீரோவில் வையுங்கள். கழற்றி என்பதை அழுத்திச் சொல்கிறேன். மாட்டியே வைத்திருந்தால் பூட்டுகிற வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

நான் என்ன செய்தேன் என்றால், கணினியைத் துடைத்து விண்டோஸை மறுபடி நிறுவினேன். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டேன். டிஃபெண்டர் மட்டும்தான் காவல். ஃபயர்பாக்சில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான். அந்தச் சிவப்புத் திரை விளம்பரம் வழியாகத்தான் வந்தது. இப்போது பட்டனை அழுத்தினால் பால் பாக்கெட்டை எடுத்து வருவதற்குள் திரை தயார். அக்டோபர் 2026 வந்ததும் நானும் மின்ட்டுக்குப் போகப் போகிறேன்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். மேசைக் கணினி என்றால் சி.பி.யூ. பெட்டியை மட்டும் தூக்கி வாருங்கள், மானிட்டர் அங்கே இருக்கிறது. பாஸ்வேர்டு எழுதிய சீட்டை என்னிடம் காட்டாதீர்கள், நீங்களே டைப் செய்யுங்கள். படங்களை நகல் எடுக்காத கணினியில் நான் கை வைக்க மாட்டேன். அதைச் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள். மின்சாரம் இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு.