கூரைக்குள் ஈரம் வருவது எங்கிருந்து?
(மம்பாவ் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரை)



வீட்டின் உட்கூரைப் பலகையில் கறுத்த கறையொன்று தெரிந்தவுடன், "தகரம் ஒழுகுகிறது" என்று முடிவு கட்டி, ஏணி வைத்துத் தார் பூசுகிறோம். நான் ஆசிரியராக இருந்த நாளில் என் குடியிருப்பிலும் இருமுறை பூசினேன். கறை மறையவில்லை, என் மகளின் இளைப்பும் தணியவில்லை. ஒருநாள் விடியுமுன் கைவிளக்குடன் உட்கூரைக்கு மேலே எட்டிப் பார்த்தேன். ஒரு வாரமாக மழையே இல்லை. ஆயினும் தகரத்தின் அடிப்புறமெங்கும் முத்து முத்தாய் நீர் கோத்திருந்தது!

காரணம் எளியது. குளிர்நீர் நிறைந்த குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைக் கண்டிருப்பீர்கள். தெளிந்த வானமுள்ள இரவில் தகரம் காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. நம் நாட்டில் விடியற்காலைக் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். அந்த ஈரமும், கீழிருந்து ஏறும் சோற்றுப்பானை ஆவியும், குளியலறை ஈரமும் தகரத்தில் பட்டு நீராகின்றன.

ஆகவே, மருந்துக்கு முன் நோயை அறிய வேண்டும். கறையின் ஓரத்தில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, நாளையும் குறித்து வையுங்கள். மழைக்குப் பின் மட்டும் கறை கோட்டைத் தாண்டினால் அது ஒழுக்கு. பகலில் மேலே பார்த்தால் ஆணித் துளைகளில் வெளிச்சம் தெரியும். மழையில்லா விடியலிலும் தகரம் பரவலாக நனைந்து, ஆணிமுனைகள் துருவேறியிருந்தால் அது வியர்வை. பூசண வாடை இருந்தால் காற்றோட்டம் போதவில்லை.

ஒழுக்குக்கு ஆணியையும் தகரத்தையும் சீராக்குக. வியர்வைக்குத் தார் உதவாது. கூரையின் இரு பக்க முகப்பிலும் இறவாரத்திலும் காற்றுவழி அமைத்து, வௌவால் நுழையாமல் வலையடியுங்கள். பகலில் சூடான காற்று மேலே வெளியேற, ஈரமும் காயும். பழைய மலாய் வீடுகளின் முகப்புப் பலகைகளில் இடைவெளி விட்டிருப்பதன் பொருளும் இதுவே. சமையலறை ஆவியைச் சன்னல் வழியே வெளியேற்றுங்கள். தகரம் மாற்றும்போது அடியில் வெப்பத்தடுப்பு விரிப்பு இடுவது நன்று.

ஓர் எச்சரிக்கை: மேலே ஏறுமுன் மின்சார மெயின் விசையை அடையுங்கள். உத்திரத்தில் மட்டுமே கால் வையுங்கள். பழைய உட்கூரை கல்நார்த் தகடாயின் அறுக்கவோ துளையிடவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

இது வீட்டழகு பற்றிய பேச்சன்று. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு மூச்சு நோய்கள் மிகுதி என உலகச் சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வழிகாட்டியில் கூறியுள்ளது.

தோட்ட வீட்டை நன்னிலையில் பராமரிப்பது முதலாளியின் கடமை என்பது 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம். ஆதலால், "ஒழுகுகிறது" என்று மட்டும் முறையிடாமல், எந்த நாள், எந்த வேளை, எந்த இடம் என்று எழுதிக் கொடுங்கள். நிர்வாகம் கவனிக்காவிடில் அதே குறிப்பைத் தொழிலாளர் இலாகாவிடம் காட்டலாம்.

நாளை விடியலிலேயே ஒருமுறை மேலே பாருங்கள்.